வளர்பிறை அஷ்டமியில் காட்டுப்பள்ளி

வானியலைப் பொதுமக்களிடம் கொண்டுபோக நினைக்கும் கல்லூரி ஆசிரியருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜவ்வாது மலைதான். காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. நல்ல இருட்டும் இருக்கிறது. ஒரு பேருந்தை வாடகைக்குப் பிடித்து ஐம்பது மாணவர்களை ஏற்றிக்கொண்டு போய்வந்தால் ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் நிரம்பிவிடும். அந்தப் பயணத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, அது மாணவருக்கு நல்லது. ஆனால் அதைப் பொது வானியல் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பொதுமக்கள் அந்தப் பேருந்தில் இல்லை. அவர்கள் மீஞ்சூரில், அத்திப்பட்டில், பழவேற்காட்டில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் வாடகை அறைகளில் இருக்கிறார்கள். இந்த அத்தியாயம் அவர்களில் ஒரு பகுதியினரை, பொன்னேரி வட்டத்தின் காட்டுப்பள்ளிக் கரையோரத்தை, எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகமும், நடுவில் ஒடுங்கிய மணல்மேடு. அந்த மேட்டிலும் அதை ஒட்டியும் காட்டுப்பள்ளித் துறைமுகம், 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர் காமராஜர் துறைமுகம், வடசென்னை அனல்மின் நிலையம், 1500 மெகாவாட் வல்லூர் அனல்மின் நிலையம், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக்கோடி லிட்டர் குடிநீர் எடுக்க அமைத்த ஆலை என்று இரவெல்லாம் விளக்கு அணையாத நிறுவனங்கள். வானம் பார்க்க இதைவிட மோசமான இடத்தைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனாலேயே இதைத் தேர்ந்தெடுத்தோம். பொது வானியலுக்கு இருண்ட வானம் கட்டாயமில்லை. ஒரே இடத்தில், ஒரே திதியில், ஆண்டுக்கணக்காகத் தவறாமல் வந்து நிற்கும் ஓர் ஆள்தான் கட்டாயம். காட்டுப்பள்ளியில் இது நடக்குமென்றால் உங்கள் ஊரிலும் நடக்கும்.

வெளிச்சத்தைப் பற்றிய தடைச்சொல்தான் முதலில் வரும், அதை முதலிலேயே தீர்த்துவிடலாம். தெருவிளக்கும் துறைமுக விளக்கும் காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானத்தின் பின்னணியை வெளுக்கச் செய்கின்றன. அந்த வெளுப்பில் மூழ்கிப் போவது பால்வீதி, நெபுலா, அண்டங்கள் போன்ற பரந்து மங்கிய பொருள்கள். நிலா அப்படிப்பட்டதல்ல. அது வெயிலில் காயும் பாறை, துறைமுகத்தின் எல்லா விளக்கும் சேர்ந்தாலும் அதன் ஒரு பள்ளத்தைக்கூட மறைக்க முடியாது. வெள்ளியின் பிறை, வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்கள், சனியின் வளையம், பிரகாசமான இரட்டை விண்மீன்கள் ஆகியவையும் அப்படித்தான். 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் டாப்சனும் நண்பர்களும் தொடங்கிய நடைபாதை வானியலாளர் இயக்கம் இதை நம்பித்தான் நகரத் தெருமுனையில் தொலைநோக்கியை நிறுத்தியது. இன்று உலகெங்கும் மலிவாகச் செய்யப்படும் எளிய தாங்கிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. காட்டுப்பள்ளிக்கு இன்னொரு சாதகமும் உண்டு, நம்மவர் அதைக் கவனிப்பதில்லை. இந்த ஊர் 13.3 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியனும் நிலாவும் கோள்களும் நடக்கும் பாதை இங்கே உச்சி வானத்தை ஒட்டியே போகிறது. அந்தப் பாதையின் தென்கோடியில் நிற்கும் கோள்கூட உச்சம் தொடும்போது அடிவானத்திலிருந்து ஐம்பது பாகைக்கு மேல் ஏறிவிடும், லண்டனில் அதே கோள் பதினைந்து பாகைதான் ஏறும். புகைபோக்கிகளும் கிரேன்களும் அடிவானத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது தலைக்கு மேலே இருக்கிறது.

அடுத்து நாள். வானியல் நிகழ்ச்சிகளில் பாதி தோற்பது நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான். சிறப்பு விருந்தினர் எப்போது வருவார், கல்லூரியில் தேர்வு எப்போது முடியும் என்று பார்த்து நாள் குறிப்பார்கள். அன்றைக்குப் பௌர்ணமியாக இருந்து, தொலைநோக்கியில் நிலா நிழலே இல்லாத வெள்ளைத் தட்டாகக் கண்ணைக் கூசும். நிலாவில் பள்ளமும் மலையும் எடுப்பாகத் தெரிவது ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டித்தான். பாதி நிலா அன்று அந்தக் கோடு நடுவில் ஓடுகிறது. அதோடு சூரியன் மறையும்போது நிலா உச்சியை ஒட்டி நிற்கிறது, நள்ளிரவை ஒட்டித்தான் அடைகிறது. அந்த நாளுக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: வளர்பிறை அஷ்டமி. திதி என்பது நிலா சூரியனைவிட்டு விலகும் கோணத்தைப் பன்னிரண்டு பன்னிரண்டு பாகையாக வெட்டிய கணக்கு. எட்டாவது திதி 84 பாகையில் தொடங்கி 96-இல் முடிகிறது, பாதி நிலாவுக்குரிய 90 பாகை சரியாக அதன் நடுவில் விழுகிறது. அஷ்டமி எந்தத் தேதியில் வருகிறதென்று வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் சொல்லிவிடும். சுவரொட்டியும் வாட்ஸ்அப் குழுவும் இல்லாமலே ஊர் முழுவதற்கும் அறிவிப்புப் போய்ச்சேர்ந்துவிட்டது என்று பொருள். ‘அஷ்டமி நவமியில் யாராவது எதையாவது தொடங்குவார்களா?’ என்று ஒரு முணுமுணுப்பு எழும், எழட்டும். அன்றைக்குக் கல்யாணமோ வீடு குடிபோவதோ வைக்கமாட்டார்கள் என்பதால் ஊரில் ஆள் இருக்கும், ஒலிபெருக்கிச் சத்தமும் இருக்காது. இதைவிட நல்ல முகூர்த்தம் நமக்கு ஏது?

மீனவக் குடும்பங்களுக்கும் அஷ்டமி ஒத்துவரக்கூடும். அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று கடல்நீரை இழுக்கின்றன, ஓதம் பெரிதாகிறது. அஷ்டமியில் இரண்டும் செங்கோணத்தில் நிற்க, நிலாவின் இழுப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான சூரியனின் இழுப்பு எதிராக வேலை செய்கிறது. அதனால் ஓதம் சிறுத்து, முகத்துவாரத்திலும் கழிமுகத்திலும் நீரோட்டம் தளர்கிறது. நீரோட்டத்தை நம்பி வலை கட்டுகிறவர்களுக்கு அது வேலை இளகும் நாளாக இருக்க வாய்ப்புண்டு. இதை இயற்பியலிலிருந்து முடிவுகட்டிவிடாமல் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை விடுவது என்பதைப் பாடு என்ற முறைப்படி ஊரே கூடித் தீர்மானிக்கும் மரபு உள்ள கரை இது. எவருக்கு எந்த இரவு ஓய்வு என்பது அவர்கள் கணக்கில் தெளிவாக இருக்கும். இந்த ஒரு கேள்விக்காகப் போகும் முதல் சந்திப்பிலேயே ஓதமும் நிலாவும் பற்றிய முதல் பாடம் நடந்துவிடும். பாடம் நடத்தப்போவது நீங்களாக இருக்கவேண்டியதில்லை.

இடத்தைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: மக்கள் நடந்து வரும் தூரம். மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளிக்குப் போகும் சாலை கன்டெய்னர் லாரிகளின் சாலை. இருட்டிய பிறகு பள்ளிப் பிள்ளைகளை அதில் நடக்கவிட்டு உங்கள் கல்லூரி மைதானத்துக்கு வரச்சொல்வது பொறுப்பில்லாத செயல். தொலைநோக்கிதான் ஊருக்குள் போக வேண்டும். அரசுப் பள்ளியின் திடலோ, கோயில் அல்லது மாதா கோயில் முன்னாலுள்ள வெளியோ, வலை பின்னும் கொட்டகைக்குப் பக்கமோ எதுவும் போதும். ஒரு சோடியம் விளக்கு நேராகக் கண்ணில் அடிக்காமல் ஒரு சுவர் மறைத்தால் சரி. துறைமுக வேலிக்கும் அனல்மின் நிலைய மதிலுக்கும் அருகில் நிற்காதீர்கள். கடலோரக் காவல் கெடுபிடி நிறைந்த பகுதியில் குழாய் போன்ற ஒரு கருவியோடு பத்துப்பேர் நின்றால் கேள்வி வரும், அது நியாயமான கேள்விதான். ஊராட்சித் தலைவர், ஊர் நிர்வாகிகள், உள்ளூர்க் காவல் நிலையம் மூன்று இடத்துக்கும் கல்லூரி முத்திரையோடு ஆண்டுக்கு ஒரு கடிதம், எல்லா அஷ்டமித் தேதிகளையும் பட்டியலிட்டு, ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள். பச்சை லேசர் விளக்கைக் கப்பல் பக்கமோ விமானம் பக்கமோ காட்டக்கூடாது. மாணவர் கையில் அதைக் கொடுக்காமலிருப்பதே மேல். மாலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்தால் மாணவிகள் வீடு திரும்பப் பேருந்து கிடைக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இதே வேலையைச் செய்கிறவர்கள் மட்டும் கடிகாரத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு அஷ்டமி நிலா மேற்கில் முப்பது பாகை உயரத்தில் இன்னும் காத்துக்கொண்டிருக்கும். உப்புக்காற்றைப் பற்றி ஒரு சொல்: கண்ணாடியைத் தொடாதீர்கள். உலோகப் பாகங்களை வீடு திரும்பியதும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்துங்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

எத்தனைபேர் வர வேண்டும் என்று ஆசைப்படுவது? இங்கேதான் பல்கலைக்கழகப் பழக்கம் நம்மைக் கெடுக்கிறது. ஆயிரம்பேர் வந்தார்கள் என்ற செய்திக்கு நமக்கு ஆசை. கணக்கைப் பாருங்கள். புதிதாக வருகிற ஒருவருக்குக் கண்ணைக் கண்வில்லையில் பொருத்தி, ‘அடேயப்பா’ என்று சொல்லி, ஒரு கேள்வி கேட்டு நகர ஒரு நிமிடம் பிடிக்கும். பூமி சுழல்வதால் நிலா தன் அகலத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துபோகிறது, அவ்வப்போது கருவியைத் திருப்பி அதைப் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஒரு தொலைநோக்கி நூறுபேரைத் தாங்கும், அதற்குமேல் வந்தவர் வரிசையை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். ஆயிரம்பேர் திரண்ட விழாவில் தொள்ளாயிரம்பேர் கண்டது பேனரையும் பொன்னாடையையும்தான். அதைவிட, அறுபதுபேர் வந்து, அதில் இருபதுபேர் போன மாதமும் வந்தவர்கள் என்றால் அது வெற்றி. இரண்டாம் முறை வருகிறவர்தான் வியாழனின் துணைக்கோள்கள் போன தடவை நின்ற இடத்தில் இல்லை என்று கவனிப்பார். கலிலியோ 1610 ஜனவரியில் செய்ததும் அதுதான், ஒரே பொருளை அடுத்தடுத்த இரவுகளில் பார்த்துக் குறித்துவைத்தார். ஒரே ஓர் இரவு பார்த்திருந்தால் வியாழனுக்குப் பக்கத்தில் சில சிறு விண்மீன்கள் என்பதோடு கதை முடிந்திருக்கும். ஆகவே குத்துவிளக்கு, வரவேற்புரை, நினைவுப் பரிசு மூன்றையும் முதலிலேயே விலக்கிவிடுங்கள். ஒரு கருத்தரங்கில் இந்த மூன்றுக்கும் ஆகும் செலவைச் சில ஆண்டு மிச்சம் பிடித்தாலே ஆறு அங்குலக் கண்ணாடியுள்ள டாப்சன் வகைத் தொலைநோக்கியும் இரண்டு பைனாகுலரும் வாங்க வழி பிறக்கும்.

வெளிச்சத்தை இடையூறு என்று மட்டும் பேசினோம். அது ஆய்வுப்பொருளும்கூட, காட்டுப்பள்ளியில் அதைச் செய்யாமல் விடுவது வீண். கார்த்திகைப் பெண்கள் ஆறுபேர் என்பது இங்கே எந்த வீட்டிலும் தெரிந்த கதை. அந்தக் கூட்டத்துக்குப் பழைய பெயர் அறுமீன். பெயர் வைத்த கண்ணுக்கு ஆறு தெரிந்திருக்கிறது. வானியல் அளவில் அக்கூட்டத்தின் முதல் விண்மீன் பொலிவெண் 2.9, ஆறாவது 4.3. ஜனவரி, பிப்ரவரி மாலைகளில் அறுமீன் காட்டுப்பள்ளியின் உச்சியை ஒட்டி, புகைக்கும் விளக்குக்கும் எட்டாத உயரத்தில் நிற்கும். ‘எத்தனை தெரிகிறது, எண்ணிச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். வயது, நின்ற இடம், நேரம், எண்ணிக்கை இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நிலா இல்லாத ஒரு மாலையை, அமாவாசைக்கு முன்பின்னான நாளை, இதற்கென்று ஒதுக்குங்கள். ஆறும் தெரிந்தால் அங்கே 4.3 வரை வானம் உயிரோடிருக்கிறது. மூன்றோ நான்கோதான் என்றால் எவ்வளவு போயிற்று என்று ஓர் ஆயாவே சொல்லிவிடுவார், சின்ன வயதில் எண்ணியது அவருக்கு நினைவிருக்கும். இப்படிப் பொதுமக்கள் எண்ணிச்சொன்ன கணக்கை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ‘குளோப் அட் நைட்’ என்ற உலகளாவிய திட்டம் 2006 முதல் இப்படித்தான் கணக்கெடுக்கிறது. 2011 முதல் 2022 வரை அதில் சேர்ந்த பதிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை, வானத்தின் பின்னணி வெளிச்சம் ஆண்டுக்கு 9.6 விழுக்காடு கூடுகிறது என்று 2023-இல் ‘சயன்ஸ்’ இதழில் சொன்னது. எட்டு ஆண்டுக்குள் இருமடங்கு என்று அதற்குப் பொருள். ஆனால் அந்தப் பதிவுகளில் மிகப் பெரும்பங்கு ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. இந்தியக் கிழக்குக் கரையின் ஒரு தொழிற்பகுதியிலிருந்து பத்தாண்டு தொடர்ந்து எடுத்த கணக்கு எந்த ஆய்வாளருக்கும் தேவைப்படும். இதில் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. ஐந்து பொலிவெண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு என்ற அளவுகோலை 1856-இல் முன்மொழிந்த நார்மன் போக்சன், 1861 முதல் முப்பது ஆண்டு சென்னை வான்நோக்கு நிலையத்தை நடத்தியவர். வந்த ஆண்டிலேயே நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயரும் வைத்தார்.

அந்த நிலையத்தில் போக்சனுக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியை இந்த வேலையின் முன்னோடியாக நாம் கொள்ளலாம். 1867-இல் ரெட்டிகுலம் தொகுதியில் ஒரு மாறு விண்மீனை அவர் கண்டுபிடித்ததைப் பாடநூல்கள் சொன்னாலும் சொல்லும். அவர் செய்த இன்னொரு காரியம் நமக்கு அதைவிட முக்கியம். 1874 டிசம்பர் 9-இல் வெள்ளி சூரியனைக் கடக்கப்போகிறது என்று அறிந்து, அதை விளக்கும் சிறுநூலை முன்கூட்டியே எழுதி இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். நூல் பிரசங்கமாக இல்லை. சித்தாந்தம் கற்ற ஒருவரும் நண்பர்களும் கேட்டும் மறுத்தும் பேசிக்கொள்ளும் உரையாடலாக எழுதினார். கண்ணால் பார்த்த நிலைக்குப் பொருந்தும்படி கணக்கைத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். மக்கள் ஏற்கெனவே கையில் வைத்திருந்த பஞ்சாங்கத்தையே வாசலாக்கி அதன் வழியே உள்ளே போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். அஷ்டமியை நாம் தேர்ந்தெடுப்பதும் அதே வழிதான். பஞ்சாங்கத்தைத் தொட்டால் சோதிடத்துக்கு இடம் கொடுத்ததாகிவிடும் என்று பகுத்தறிவாளர் சிலர் தயங்குவார்கள். தயக்கம் புரிகிறது, என்றாலும் திதி அளக்கக்கூடிய கோணம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் சுமார் பத்துப் பாகை. மறையும் சூரியனுக்கும் அஷ்டமி நிலாவுக்கும் நடுவே ஒன்பது முஷ்டி இருக்கிறதா என்று ஒரு சிறுமி வானத்தில் அளந்து பார்த்துவிட்டால், பஞ்சாங்கத்தில் எது கணக்கு, எது பலன் என்று பிரிக்கும் கத்தி அவள் கையில் வந்துவிட்டது. பலனைப் பற்றி நீங்கள் வாதாடவேண்டிய தேவையே இராது.

அதே முஷ்டியால் வடக்கே, பழவேற்காட்டு ஏரிப் பக்கம், துருவ விண்மீனை அளக்கச் சொல்லுங்கள். ஒன்றேகால் முஷ்டி, பதின்மூன்று பாகை, அதுவே ஊரின் அட்சம். தமிழ் மாலுமிகள் துருவத்தின் உயரத்தை அளக்கக் கையாண்ட முடிச்சுக்கயிறு கட்டிய பலகைக்கு ராப்பலகை என்று பெயர். அட்டையிலும் நூலிலும் அதை மாணவர் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். கடலுக்குப் போய்வந்த முதியவர்களிடம் அவர்கள் எந்த வெள்ளியை வைத்துக் கரை பிடித்தார்கள், என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டு எழுதுங்கள். விடிவெள்ளி என்ற ஒரு சொல் மட்டும் நகரத்துக்கு மிஞ்சியிருக்கிறது. கரையில் மிஞ்சியிருப்பதை ஜி.பி.எஸ். வந்த தலைமுறையோடு இழக்கப்போகிறோம். தமிழோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் மாணவர்கள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். சிப்காட்டில் இந்தியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர் இருக்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வான்நோக்கு நிலையத்தின் கருங்கல் தூணிலேயே தமிழிலும் தெலுங்கிலும் செய்தி பொறித்து வைத்தார்கள். அந்தத் தாராளம் நமக்கும் வேண்டும்.

ஏவூர்தியை விட்டுவிட்டு இந்தக் கரையில் வானம் பேச முடியாது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் காட்டுப்பள்ளியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள், பழவேற்காட்டிலிருந்து சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். 2023 ஜூலை 14 பிற்பகலில் சந்திரயான்-3 ஏறியதைத் தொலைக்காட்சி இல்லாமலே பார்த்திருக்கக்கூடிய ஊர்கள் இவை. தீப்பிழம்பு கண்ணில் பட்டதற்கும் உறுமல் காதில் விழுவதற்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் வரும். காற்று ஒத்துழைத்தால் பழவேற்காட்டில் ஒன்றரை நிமிடத்துக்குமேல் காத்திருக்க வேண்டும். அதே சமயம், ஏவுதல் நாளில் கடலுக்குப் போகாதே என்ற அறிவிப்பும் இவர்களுக்குத்தான் வருகிறது. பெருமையை மட்டும் பேசி அன்றைய இழந்த கூலியைப் பேசாத ஆசிரியர் பேச்சு இங்கே எடுபடாது.

இதிலிருந்து கனமான தடைச்சொல் ஒன்று கிளம்புகிறது. சாம்பலும் எண்ணெயும் கலந்த கழிமுகத்தில் பிழைப்பே கேள்வியாகிக் கிடக்கும்போது சனி வளையம் எதற்கு? எண்ணூர் கடலில் 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் பரவியது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்துக்கு மீனவ ஊர்களின் எதிர்ப்பு ஊரறிந்தது. இந்தக் கேள்வியை ‘அறிவியல் எல்லாருக்கும் பொது’ என்ற மழுப்பலால் தட்டிக்கழிக்கக்கூடாது. வானியல் ஒருவருடைய வலையையும் நிரப்பாது, அப்படிப் பேசுவது பொய். ஆனால் பிழைப்புப் பிரச்சினை தீரும்வரை வியப்புக்கு உரிமையில்லை என்று வேறொருவர் பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்ல நாம் யார்? தண்டையார்பேட்டைக்கும் அடையாறுக்கும் இந்த நிபந்தனையை யாரும் விதிப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. ஒரே இடத்தில் நின்று, தேதி போட்டு, கண்டதை மட்டும் எழுதும் பழக்கம் விண்மீன் எண்ணிக்கைக்கு எப்படிப் பயன்படுமோ அப்படியே தண்ணீரின் நிறத்துக்கும் சாம்பல் படிவுக்கும் பயன்படும். அதை எங்கே பயன்படுத்துவது என்பது ஊராரின் முடிவு. உங்கள் பங்கு பழக்கத்தோடு முடிகிறது.

பணத்தைப் பற்றிய முடிவும் இங்கேதான் எடுக்க வேண்டும். 2013 நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு பெரிய நிறுவனங்களைச் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது, கல்வியும் அதில் அடங்கும். இத்தனை நிறுவனங்கள் சூழ்ந்த இடத்தில் சிஎஸ்ஆர் பணம் கேட்டால் கிடைக்கக்கூடும். ஊரோடு வழக்கோ பூசலோ உள்ள எந்த நிறுவனத்திடமும் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. தொலைநோக்கியின் மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு, கண்வில்லையில் தெரியும் நிலாவைவிட ஊராருக்குப் பெரிதாகத் தெரியும். ‘பணம் பணந்தானே, கருவிக்கு என்ன கட்சி?’ என்று கேட்பவர்கள் உண்டு. கருவிக்குக் கட்சி இல்லை என்பது சரி. நம்பிக்கை ஒருமுறை போனால் அடுத்த அஷ்டமிக்கு யாரும் வரமாட்டார்கள் என்பதும் அவ்வளவே சரி. துறையின் ஆய்வகச் செலவுத் தொகை, முன்னாள் மாணவர், ஆசிரியர்களின் சொந்தப் பங்கு இவற்றில் மெதுவாகச் சேர்வது போதும்.

கிரகணங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கூட்டம் தானே வரும். 2028 டிசம்பர் 31 இரவு பத்து மணியை ஒட்டி முழுச் சந்திர கிரகணம். புத்தாண்டுக்கு விழித்திருக்கும் ஊரே கூரைமேல் நிற்கும். 2031 மே 21-இல் வளையச் சூரிய கிரகணம் தென் தமிழகம் வழியே போகிறது, காட்டுப்பள்ளிக்குப் பகுதியாகத் தெரியும். அன்றைக்குத் தரமான சூரிய வடிகட்டிக் கண்ணாடியோ ஊசித்துளை அட்டையோ இல்லாமல் ஒருவரையும் சூரியனைப் பார்க்கவிடக்கூடாது. கர்ப்பிணிகள் வெளியே வரலாமா என்று கேட்பவரைக் கேலி செய்யாமல் பதில் சொல்ல மாணவரைப் பழக்குங்கள். ஒரு சிரிப்பு ஓராண்டு உழைப்பைக் கெடுத்துவிடும். நிழலில்லா நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 25-ஐ ஒட்டிப் பகல் 12 மணி 7 நிமிட அளவிலும், ஆகஸ்ட் 17-ஐ ஒட்டி அதற்கு ஐந்தாறு நிமிடம் பிந்தியும், நட்டுவைத்த கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஒரு குச்சி தவிர எந்தக் கருவியும் வேண்டாம். 2022 நவம்பரில் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்குத் தொடங்கிய வானவில் மன்றத்தோடு சேர்ந்து பள்ளியிலேயே நடத்திவிடலாம்.

இவ்வளவையும் ஏன் பல்கலைக்கழக ஆசிரியர் செய்ய வேண்டும், ஆர்வலர் சங்கம் போதாதா என்று துறைத்தலைவர் கேட்பார். ஆர்வலர் நம்மைவிட நன்றாக வானம் அறிந்தவராக இருக்கலாம், ஆனால் அவர் வேலை மாறினால் தொலைநோக்கியும் கூடவே போகும். கல்லூரியில் ஆள் போனாலும் இருக்கை இருக்கிறது, ஆண்டுதோறும் புதிய மாணவர் வருகிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டத் தொண்டர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், ஏழு நாள் முகாமும் உண்டு. பயணம் சேர்த்து ஓர் அஷ்டமிக்கு நான்கு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு எட்டு அஷ்டமி அந்தக் கணக்கில் அழகாகப் பொருந்தும். பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரியோ கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளோ எதில் நீங்கள் இருந்தாலும் இந்த வழி திறந்திருக்கிறது. நாக் மதிப்பீட்டின் மூன்றாவது அளவுகோலில் ஆய்வோடு விரிவாக்கப் பணியும் இடம்பெறுகிறது. பதவி உயர்வுக்கான 2018 பல்கலைக்கழக மானியக் குழு விதிகளும் அதைக் கணக்கில் எடுக்கின்றன. மதிப்பெண்ணுக்காகச் செய்வதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். செய்யுங்கள், தப்பில்லை. மதிப்பெண் இல்லாத வேலையை உங்களுக்குப் பின் வருபவர் தொடரமாட்டார். ஒரே எச்சரிக்கை, படிவம் நிகழ்ச்சிகளை எண்ணும், தொடர்ச்சியை எண்ணாது. படிவத்துக்காக எட்டு ஊரில் எட்டு நிகழ்ச்சி நடத்தும் சபலம் வரும். ஒரே ஊரில் எட்டு என்பதில் உறுதியாக இருங்கள்.

மாணவரைப் பழக்குவதில் ஒரே கண்டிப்பு போதும்: காட்டுவதற்கு முன் விளக்காதே. வரிசையில் நிற்பவரிடம் வளையத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டால் அவர் கண் சொன்னதைத் தேடும், இருப்பதைப் பார்க்காது. பார்த்துவிட்டு அவரே கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் நோட்டில் எழுதி அடுத்த அஷ்டமிக்குப் பதிலோடு வர வேண்டும். அந்த நோட்டு ஊரிலேயே, பள்ளியிலோ நூலகத்திலோ, இருக்கட்டும். உங்கள் அலமாரியில் இருந்தால் அது உங்கள் ஆய்வுக்குறிப்பு, ஊரில் இருந்தால் ஊரின் பதிவேடு.

கடைசியாக மழை. சென்னை வட்டாரத்தின் ஆண்டு மழையில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது, ஜூன் முதல் செப்டம்பர் வரையும் பல மாலைகள் மேகத்தோடு போகும். ஜனவரியிலிருந்து மே வரைதான் நம்பலாம். ஐப்பசி, கார்த்திகை அஷ்டமிகளை ரத்து செய்துவிடலாமே என்று மாணவர் கேட்பார்கள். புயல் எச்சரிக்கை இல்லாதவரை ரத்து செய்யாதீர்கள். தொலைநோக்கியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, குடையோடு அதே இடத்தில் ஆறரைக்குப் போய் நில்லுங்கள். மூன்றுபேர் வருவார்கள், இரண்டுபேர் பிள்ளைகளாக இருப்பார்கள். தாழ்ந்த மேகத்தில் துறைமுக விளக்கும் அனல்மின் நிலைய விளக்கும் பட்டுச் சிவந்து தெரியும். எந்தத் திசையில் சிவப்பு அதிகம் என்று அவர்களையே குறிக்கச் சொல்லி, ‘மேகம், நிலா தெரியவில்லை’ என்று நோட்டில் தேதியோடு எழுதி, நின்ற ஐந்தாறுபேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, எட்டரைப் பேருந்தைப் பிடியுங்கள்.